நாலு டிஸ்க்குக்கும் பொட்டு

"…எல்லா மிஷினுக்கும் வெச்சிட்டு இத்த மட்டும் வுட்டா அது இன்னா நினைக்கும் தம்பி? வருஷம் பூரா தூங்காம வேல செய்யுது!"

மெயின்டனன்ஸ் அண்ணன் இதைச் சொன்னபோது அவர் ஒரு கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. மறு கையில், எங்கள் ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து உருவிய டிஸ்க்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி எங்களுடையது. கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்த எதுவும் அங்கே என் தலையில்தான் விடியும். நான் அதைப் படித்து வந்தவனில்லை. வீடியோ பார்த்தும் கெடுத்தும் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு மறுநாள் ஆயுத பூஜை லீவு. அதனால் முன்தினமே லைனை நிறுத்தி, மிஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

செக்கிங் மேஜையைத் தாண்டும் ஒவ்வொரு பீஸையும் கேமரா படம் எடுக்கும். படங்கள் போய்ச் சேர்வது அந்தப் பெட்டிக்கு. உள்ளே நாலு டிஸ்க். நாலையும் சேர்த்து ஒரே இடமாக ஆக்குவதைப் பூல் என்பார்கள். எந்த இரண்டு போனாலும் படம் போகாத மாதிரி நான் அமைத்திருந்தேன். அப்படி அமைத்தால் பாதி இடம்தான் கைக்கு வரும். அதற்கு பர்ச்சேஸ் சார் குதித்தது இன்னும் காதில் இருக்கிறது.

"நாலு வாங்கி ரெண்டுதான் உழைக்குதுன்னா, மீதி ரெண்டுக்கு இன்னா, மாமியார் வூட்டு விருந்தா?"

ஒன்று போய் வேறொன்றைப் போட்டால், அதை நிரப்ப மற்றவை நாள் முழுக்க ஓட வேண்டும், அந்த ஓட்டத்தில்தான் இரண்டாவது விழும் என்று சொல்லிச் சொல்லி அதில் ஜெயித்தேன். மற்றதிலெல்லாம் தோற்றேன். டிஸ்க்குகளை வேறு வேறு கடையில், வேறு வேறு சமயத்தில் வாங்கச் சொன்னேன். நாலும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தன. "கூடப் பொறந்ததுங்க ஒண்ணாத்தான் சீக்காவும் சார்" என்றேன். "ஒண்ணா வாங்குனாத்தான் ரேட்டு" என்றார். உபரியாக ஒன்று கேட்டதற்கு, "கெட்டா பாத்துக்கலாம்." அதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை.

இப்போது அண்ணன், பெட்டி ஓடும்போதே ஒன்றை உருவிப் பொட்டு வைத்துச் சொருகிவிட்டார். கையில் இருந்தது இரண்டாவது.

"அண்ணே, மூணாவதத் தொடாதீங்க!"

"தொட்டா இன்னா, ஆளு செத்துருமா?"

"ஆமாண்ணே."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கையிலிருந்ததை வாங்கி நானே சொருகினேன். இரண்டையும் பெட்டி புதிதாக வந்தவையாகவே பார்த்தது. மீதி இரண்டைப் படித்துத்தான் இவற்றை மறுபடி நிரப்பும். அந்த மீதியில் ஒன்றின் விளக்கு ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தது, சீக்கு என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செக்கிங் மேஜைப் பெண். தூத்துக்குடிப் பக்கம், கான்ட்ராக்ட் வேலை. அவள் பார்த்து அனுப்பிய பீஸ் ஒன்று, மூலை உடைந்ததென்று கார் கம்பெனியிலிருந்து திரும்பி வந்திருந்தது. ஷிப்ட் முடிவதற்குள் ஹெச்.ஆரில் விசாரணை. பீஸ் முழுசாகத்தான் போனது என்பதற்கு அந்தப் படத்தை விட்டால் சாட்சி இல்லை. காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

"ஹெச்.ஆர்ல கூப்பிட்டாவ. நான் பார்த்த பீஸு போட்டோ இருக்குல்லா அண்ணே?"

மெயின்டனன்ஸ் அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

நிரப்பும் வேலையை நிறுத்தி வைத்தேன். பூல் தள்ளாடும்போது வேண்டியதை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும், வைத்தியமெல்லாம் பிறகு. இன்னொரு இடத்தில் நகல் இருந்தால் இந்தப் பாடே இல்லை. பூல் என்பது பேக்கப் ஆகாது என்று நான் போட்ட மெயில்களை யாரும் திறந்தார்களா, தெரியவில்லை. அந்தப் பீஸ் போன நாளின் ஃபோல்டரை மட்டும் திறந்து, அவள் சொன்ன பீஸ் நம்பரைத் தேடினேன். திரையில் பட்டை நகரவே இல்லை.

"இன்னா தம்பி, டிராபிக்ல மாட்டுன கம்பெனி பஸ் கணக்கா நின்னுகினே கீது?"

"நீங்க சும்ம இருங்கண்ணே" என்றாள் அவள். "பொட்டு வச்சதுக்கே இந்தப் பாடு. பூசணிக்காயும் உடைச்சிருந்தீயன்னா?"

அவர் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

படம் வந்தது. நம்பர் தெளிவாக இருந்தது, நாலு மூலையும் முழுசாக. உடைந்தது போகிற வழியில்தான். அவள் திரையில் நம்பரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பென்டிரைவில் ஏற்றினேன்.

"ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றாள்.

டிஸ்க் கழன்றால் மேலதிகாரிகளுக்கு மெயில் போகும்படி நானே வைத்திருந்தேன். அது போய்விட்டது. யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

"கரண்ட் பிரச்சனைன்னு சொல்லிக்கலாம்ணே" என்றேன் அண்ணனிடம். எனக்கும் அன்றைக்கு வேறு யோசிக்கத் தெம்பில்லை.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். விரல்களைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த பென்டிரைவை வாங்கினார். "நாந்தான் உருவுனேன். நீ பின்னாடி வாம்மா" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த ஹெச்.ஆர் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனார்.