செவலைக்கு வீடு பார்த்த கதை

நாயை வாங்கி வைப்பது சுலபம். நல்ல இடம் பார்த்து அனுப்பி வைப்பதுதான் பெரும்பாடு. பாவம் பார்த்து ஒரு குட்டியை வாசலுக்குள் விட்டு, அப்புறம் ஊரெல்லாம் ஆள் தேடி அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குச் சங்கரன்கோவிலில் வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் அண்டாவும் கரண்டியும் எங்களிடமிருந்து போகும். கடைக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. பாத்திரம் எடுக்க வந்த கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து, ரோட்டில் அடிபட்டு அவரிடம் வரும் நாய்கள் கட்டுப் போட்டதும் எங்களிடம் வரும். குணமானதும், வளர்க்கக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்.

தேக்சாவுக்குள் ஒரு சத்தம்

மகள் கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கடையநல்லூர் பாய் ஒருவர், பிரியாணித் தேக்சா கேட்டு வந்தார். வாசலில் பெரிய தேக்சா ஒன்று சாய்ந்து கிடந்தது. ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தட்டினார். உள்ளேயிருந்து முனகல் வந்தது. முந்தின நாள் வந்த கறுப்புக் குட்டி, நிழலுக்காக உள்ளே நுழைந்து தூங்கியிருக்கிறது.

ஆர்டர் போச்சு என்றே நினைத்தேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார், நிமிர்ந்து வெயிலைப் பார்த்தார். “இந்தத் தேக்சா எங்களுக்கு ஆகாது வே, வேற காட்டும். மொதல்ல அந்தக் குட்டிய வெளிய எடும். அலுமினியம் சூடேறுதுல்லா, வெந்துரப் போவுது.”

அன்றே நாய்களுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே கம்பிவேலி போட்டேன்.

மக்காச்சோளக் காவல்

அந்தக் கறுப்புக் குட்டி வளர்ந்ததும் இளையரசனேந்தல் விவசாயி ஒருவர் கொண்டுபோனார். மக்காச்சோளத்தில் பன்றித் தொல்லை, விரட்ட ஒரு நாய் வேண்டும் என்றார். கொடுத்த நாய் எப்படி இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். கேட்டேன். அவர் சிரித்தார். “பன்னி வந்தா எனக்கு முன்னால வீட்டுக்குள்ள ஓடிருது அண்ணாச்சி. ஆனா அது ஓடுறத வச்சுத்தான் பன்னி வந்திருக்குன்னே தெரியுது. இருந்துட்டுப் போட்டும்.”

செவலை

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு வந்தது செவலை. வளர்ந்த பெட்டை. ராஜபாளையம் ரோட்டில் லாரி அடித்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. தகரமோ இரும்போ எங்கே சத்தம் கேட்டாலும் சுவரோடு ஒண்டிக்கொண்டு நடுங்கும். பாத்திரக் கடையில் சத்தம் வராமல் இருக்குமா?

என் மனைவி கோமதி முதலில் தரையில் சாக்கு விரித்தாள். பிறகு மூடிகளைக் குழந்தையைக் கிடத்துவதுபோல வைக்கப் பழகினாள். சுமை தூக்கும் இசக்கி அண்டாவை வேனிலிருந்து தரைக்குத் தள்ளியே பழக்கப்பட்டவன். அவனும் இறக்கி வைக்க ஆரம்பித்தான். எங்கள் கடை அமைதியானதைப் பார்த்து எதிர்க்கடை அண்ணாச்சி வந்து விசாரித்தார்: “என்னவே, வியாபாரம் கொறஞ்சு போச்சோ?”

திரும்பி வந்தது

புதுவீடு கட்டிய ஒருவர் காவலுக்கென்று செவலையைக் கொண்டுபோனார். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். யார் வந்தாலும் குலைக்கவில்லையாம். கேட்டைத் திறந்தால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறதாம். கோபமாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னார். “கள்ளன் வந்தா இதத்தான் நாங்க காவல் காக்கணும் போலிருக்கு.”

தென்காசி டீச்சர்

கடைசியில் நல்ல இடமே வந்தது. தென்காசியிலிருந்து ரிட்டயர்டு டீச்சரும் அவர் கணவரும் காரில் வந்தார்கள். சத்தமில்லாத தெரு, பின்பக்கம் மாமரம், வளர்த்த நாய் வயதாகிச் செத்துப்போன வீடு. கோமதி மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல விசாரித்தாள். ஒரு குறையும் கிடைக்கவில்லை. சீட்டில் துண்டு விரித்தார்கள். செவலை ஏறிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை, கோமதி ஒரு மூடியைச் சாக்கின் மேல் மெல்ல வைத்துவிட்டு அதையே பார்த்தபடி நின்றாள். அண்டாவைப் பிடித்திருந்த இசக்கி அவளைப் பார்த்தான். “யக்கா, இனிமே சத்தம்போட்டு வைக்கலாம்லா?”

சம்பந்தி

சில நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். செவலை நன்றாகச் சாப்பிடுகிறது, கூடவே சுற்றுகிறது என்றார். இதைக் கேட்கத்தானே இத்தனை பாடும்? கோமதி போனை வைத்துவிட்டு வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தாள். “அது அங்கன நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் நல்லா இல்ல” என்றாள். எனக்கும் அதே கதைதான். நான் அதைச் சொல்லவில்லை, அவள் சொல்லிவிட்டாள்.

லோடு ஆட்டோவில் போகும்போது என்ன பேசுவது என்று வழிநெடுக யோசித்தேன். அதற்குள் டீச்சர் வீட்டு வாசல் வந்துவிட்டது. செவலை தாவி ஓடியெல்லாம் வரவில்லை. நிதானமாக வந்து, கோமதியின் சேலையை முகர்ந்து பார்த்து, அவள் கால்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. “மன்னிச்சுக்கிடுங்க டீச்சர், எங்களால முடியல” என்றாள் கோமதி. அவர் உள்ளே போய்ச் செவலையின் தட்டையும் துண்டையும் எடுத்து வந்து கொடுத்தார். “கட்டிக்குடுத்த பொண்ணத் திருப்பிக் கேட்டு வந்த மொத சம்பந்தி நீங்கதாம்மா.”

அடுத்து வந்த நல்ல குட்டியை அவருக்குத்தான் கொடுத்தோம்.

ஆட்டோவில் வருவது

செவலை இப்போது எங்கள் வீட்டு நாய். தாயில்லாத குட்டிகளை அணைத்துக்கொள்ளும் என்று நினைத்தோம். அப்படியெல்லாம் இல்லை, புதிதாக வரும் குட்டியை உறுமி விரட்டிவிட்டு அதன் பாலையும் குடித்துவிடுகிறது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, இனி வேறு நாய் வைக்க முடியாது என்று தீர்மானமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சரி அண்ணாச்சி, இனி அனுப்பல. இப்ப ஆட்டோவுல வந்துக்கிட்டிருக்கிற ஒன்ன மட்டும் இறக்கிக்கிடுங்க.”

நாய்களுக்கு நல்ல வீடு பார்த்துக் கொடுப்பவன் என்று ஊரில் எனக்குப் பேர். செவலையைக் கேட்டு யாராவது வந்தால் மட்டும் எந்த வீடும் எனக்கு நல்ல வீடாகத் தெரிவதில்லை.