வரைபடத்தில் வெள்ளையாக இருந்த லோரோங்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாநாடு நடக்கும்போதெல்லாம் மாணவர்களுக்கு ஏதாவது ஒரு வேலை கிடைத்துவிடும். பெயரட்டையும் பையும் கொடுக்கும் மேசையில் சிலர் உட்காருவார்கள். சிலர் விமான நிலையத்துக்குப் போய் விருந்தினரை அழைத்து வருவார்கள். நான் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, எங்கள் கட்டுமானப் பொறியியல் துறை ஆறுகளையும் வெள்ளத்தையும் பற்றி மூன்று நாள் பன்னாட்டு மாநாடு நடத்தியது. எனக்கு நேரம் பார்க்கும் வேலை கிடைத்தது.

அறையின் முதல் வரிசையில், பேச்சாளருக்கு நேர் எதிரே உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கையில் பச்சை அட்டையைத் தூக்க வேண்டும், ஒரு நிமிடம் இருக்கையில் மஞ்சள், நேரம் முடிந்ததும் சிவப்பு. எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மலாய் விரிவுரையாளர் முந்தின நாளே எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினார். எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் சிவப்பைத் தூக்கத் தயங்கக் கூடாது, பேச்சு நீண்டால் கேள்வி நேரம் போய்விடும் என்றார். அந்தக் கேள்வி நேரம் விருந்தினருக்கு உரியது, உதவிக்கு வந்த மாணவர்கள் கை தூக்கக் கூடாது என்பதையும் இரண்டு முறை சொன்னார்.

"ஒனக்கு ஈசி வேல லா, உக்காந்துகிட்டே இருக்கலாம். நாந்தான் நாள் பூரா நிக்கணும்" என்றாள் என் அறைத்தோழி. அவள் பாசிர் கூடாங் பெண். அவளுக்குப் பதிவு மேசை.

மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும், நான் ஜொகூரின் ஆற்றோர ஊரான சிகாமட்காரி என்பதைத் தவிர எங்கள் வீட்டைப் பற்றி அவளிடம் அதிகம் சொன்னதில்லை. நான் பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வு எழுத வேண்டிய வருடம் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததையும், பாடப் புத்தகங்கள் எல்லாம் ஊறிக் கூழானதையும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முகத்தில் ஒரு இரக்கம் வரும், அது எனக்குப் பிடிக்காது. நான் இந்தத் துறையில் சேர்ந்ததற்கும் அந்த வெள்ளத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை. என் மதிப்பெண்ணுக்கு இந்த இடம் கிடைத்தது, வந்தேன்.

முதல் நாள் மதியம் என் அறையில் நான்கு பேர் பேச வேண்டியிருந்தது. தலைமை வகித்தவர் எங்கள் துறையின் மூத்த சீனப் பேராசிரியர். வகுப்பில்கூட சிரிக்காதவர். முதல் இருவரும் அட்டைகளுக்குக் கட்டுப்பட்டு முடித்தார்கள். மூன்றாவதாக வந்தவர் ஜப்பானில் இருந்து வந்த ஒரு பெண் ஆய்வாளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மெதுவான குரலில், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பதுபோல் ஆங்கிலம் பேசினார். பாதிப் பேச்சில் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். அது சிகாமட்.

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த அதே வருட வெள்ளத்தில் எந்தெந்த இடம் மூழ்கியது என்று கணக்கிட்டு வண்ணம் தீட்டியிருந்தார். ஆற்றோரம் கரு நீலம், அதைத் தாண்டி வெளிர் நீலம், தண்ணீர் தொடாத இடம் வெள்ளை. நான் முதலில் ரயில் நிலையத்தைத் தேடினேன். அங்கிருந்து பெரிய சாலை வழியாகக் கண்ணை நகர்த்தி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி எங்கள் குடியிருப்பான தாமானுக்கு வந்தேன். தாமானின் கடைசியில் எங்கள் வீடு இருக்கும் சிறு சந்து, நாங்கள் லோரோங் என்று சொல்வது. அது வெள்ளையாக இருந்தது.

தப்பான இடத்தைப் பார்க்கிறோமோ என்று மறுபடியும் ரயில் நிலையத்தில் இருந்து ஆரம்பித்தேன். வெள்ளைதான். என் மடியில் அட்டைகள் இருந்தன. பச்சை அட்டையைத் தூக்கினேனா என்று இன்றைக்கும் நினைவில்லை. சிவப்பை நிச்சயமாகத் தூக்கவில்லை. தலைவர் தன் மைக்கை இரண்டு முறை தட்டிய பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கேள்வி நேரம் முழுவதும் போயிருந்தது. கேள்விக்கு நேரமில்லை, மன்னிக்கவும் என்று தலைவர் அறிவித்தார். அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் கை தூக்கியிருந்த இரண்டு பேர் கையை இறக்கினார்கள்.

தேநீர் இடைவேளையில் அந்த ஆய்வாளரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தட்டில் ஒரு கறிப்பாப்பை வைத்துக்கொண்டு, எதையோ யோசித்தபடி ஜன்னல் பக்கம் தனியாக நின்றிருந்தார்.

"தப்பு என்னோடதுங்க. அட்டையைத் தூக்க மறந்துட்டேன்" என்றேன் ஆங்கிலத்தில்.

"பரவாயில்ல. ஏன் மறந்தீங்க? தூக்கம் வந்துச்சா?"

"இல்லங்க. உங்க படத்துல எங்க வீட்டத் தேடிக்கிட்டு இருந்தேன்."

அவர் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "கெடச்சுதா?"

"கெடச்சுது. ஆனா வெள்ளையா இருக்கு. எங்க வீட்ல தண்ணி வந்துச்சு."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பையில் இருந்து மடிக்கணினியை எடுத்து, அங்கேயே ஜன்னல் விளிம்பில் வைத்துத் திறந்தார். எந்த வீடு என்று கேட்டார். விரலால் காட்டினேன். எவ்வளவு உயரம் வந்தது, எந்தப் பக்கம் இருந்து வந்தது என்று கேட்டார். உயரம் சொல்ல முடிந்தது. எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் பள்ளியில் இருந்தேன், அங்கிருந்தே நிவாரண மையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, விருந்தினரை சிகாமட் ஆற்றுக்கு அழைத்துப் போகும் பயணம் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தது. அந்தப் பேருந்து எங்கள் லோரோங்கில் நிற்குமா என்று ஆய்வாளரே போய் எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டார். அச்சடித்த நிகழ்ச்சி நிரலை விரிவுரையாளர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் வீட்டுக்குச் சிரமம் இல்லையே என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். இருபது நிமிடம் தருகிறேன் என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா ஒரு பள்ளி கேன்டீனில் சமைப்பவர்.

"எத்தன பேரு வராங்க?"

"பதினாலு பேரும்மா."

"அலமாக், பதினாலா. அப்பா வேற லோரிய எடுத்துகிட்டு காஹாங் போறாரு. நாற்காலிகூட அவ்ளோ இல்லையே."

"உக்கார மாட்டாங்கம்மா. வெள்ளம் வந்தத பாக்க வராங்க, அவ்ளோதான்."

"அவ்ளோதான்னு ஈசியா சொல்ற. சரி வை, எனக்கு வேல இருக்கு."

பேருந்தில் எனக்கு ஆற்றைப் பற்றிய நினைப்பே இல்லை. எங்கள் வீட்டு முன்கூடம், அதில் கிழிந்துபோன சோபா, கூரையில் மழை ஒழுகிய வட்டம், இவை வரிசையாகக் கண்ணுக்குள் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறைத்தோழியிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகங்கள் ஊறிய கதைவரை கேட்டுவிட்டு, "ஏன் இவ்ளோ நாள் சொல்லல?" என்றாள். நான் பயந்த இரக்கம் அவள் முகத்தில் இல்லை, கொஞ்சம் கோபம்தான் இருந்தது.

லோரோங் வாசலில் பேருந்து நின்றபோது அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். நான் முதலில் உள்ளே ஓடினேன். முன்கூடத்துச் சுவரில், என் இடுப்புக்குச் சற்றுக் கீழே, வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு ஒன்று இத்தனை வருடமும் இருந்தது. அது இல்லை. சுவர் முழுவதும் தேய்த்துக் கழுவி, ஈரம் காயாமல், குளோரக்ஸ் வாசம் வீசிக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்தக் கோட்ட பாக்கத்தானே வந்திருக்காங்க" என்றேன் மெதுவாக.

"வீட்டுக்கு வர்றவங்களுக்கு அழுக்குச் செவத்தையா காட்டுவாங்க? பக்கத்து வீட்டு அக்காவும் வந்து தேச்சுக் குடுத்தாங்க. கை வலிக்குது எனக்கு."

ஆய்வாளர் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க முயன்று, முடியாமல் சிரித்துவிட்டார். அம்மாவும் விஷயம் புரியாமல் கூடச் சிரித்தார். அப்போது, எப்போதும் சிரிக்காத எங்கள் சீனப் பேராசிரியர் முன்கூடத்தின் மூலையில் நின்ற பெரிய மர அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பின்னால கழுவினாங்களா?" என்று கேட்டார்.

கழுவவில்லை. அது அம்மாவாலும் அக்காவாலும் நகர்த்தக்கூடிய அலமாரி இல்லை. பேராசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். இந்தோனேசியாவில் இருந்து வந்த இன்னொருவர் மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ள, அலமாரி ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் சிலந்திக் கூடுகளுக்கு நடுவே அந்தக் கோடு அப்படியே இருந்தது. ஆய்வாளர் தரையில் மண்டியிட்டு அளவு நாடாவை வைத்தார். அம்மா ஒட்டடையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு ஆய்வாளர் அம்மாவிடம் தன் கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "தண்ணி மொதல்ல எங்க இருந்து வந்துச்சும்மா?"

"கீழ இருந்து" என்றார் அம்மா.

"கீழன்னா?"

"வாங்க, காட்டுறேன்."

சமையலறைக்குக் கூட்டிப்போனார். தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் போக அங்கே ஒரு ஓட்டை உண்டு. "நான் சோறு வடிச்சிகிட்டு இருந்தேன். கால் ஈரமா இருக்கேன்னு பாத்தா, இந்த ஓட்டையில இருந்து தண்ணி மேல வருது. வாசல்ல போய்ப் பாத்தேன், லோரோங் காஞ்சு கெடக்கு. ஆறு இருக்கற பக்கம் ஒண்ணும் இல்ல. பின்னால லோங்காங் ரொம்பித்தான் வீட்டுக்குள்ள வந்துச்சு. ரோட்ல தண்ணி வரும்போது உள்ள முட்டிக்கு மேல இருக்கு."

நான் வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். லோங்காங் என்பதற்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடையை எல்லாரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்கதவைத் திறந்து வெளியே போனோம். சாக்கடை தெருவுக்கு அடியில் போகும் இடத்தில் ஒரு குழாய் இருந்தது. சாக்கடையின் அகலத்தில் பாதிகூட இல்லை. அதன் வாயில் ஒரு மெத்தை சிக்கிக் கிடந்தது. ஆய்வாளர் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

"நான் ஆறு வழிஞ்சு வர்ற தண்ணிய மட்டும்தான் கணக்குல எடுத்தேன்" என்றார் என்னிடம். "இந்த மாதிரி திரும்பி வர்ற தண்ணி என் கணக்குல இல்ல. உங்க அம்மா இன்னும் என்னென்ன பாத்தாங்கன்னு கேளுங்க."

இருபது நிமிடம் ஒரு மணி நேரமானது. அம்மா யாருடைய வீட்டில் எத்தனை மணிக்கு வந்தது, யார் வீட்டுக்குக் கடைசியாக வந்தது என்று வீடு வீடாகச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து, "இல்ல லா, எங்க வீட்லதான் மொதல்ல வந்துச்சு" என்று திருத்தினார். நடுவில் அம்மா எல்லாருக்கும் மீஹூன் கோரேங் கொடுத்தார். நாற்காலி போதவில்லை. பேராசிரியர் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். விரிவுரையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் யாரையும் எழுப்பவில்லை. நாங்கள் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். பாலத்தில் நின்று பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

சில மாதங்கள் கழித்து ஆய்வாளரிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது. படத்தைத் திருத்தியிருந்தார். எங்கள் தாமானின் பின்வரிசை முழுவதும் நீலமாகியிருந்தது. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்வதற்கு அம்மாவின் முழுப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தார். வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன்.

"என் பேரு எதுக்கு? அக்கா கோவிச்சுக்குவாங்க, அவங்களும்தானே சொன்னாங்க. லோரோங் பேரப் போடச் சொல்லு."

அப்படியே போட்டார்கள். அச்சில் வந்த பக்கத்தைக் காட்டினேன். அம்மா எங்கள் லோரோங்கின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "சரி, அந்தக் குழாய எப்ப மாத்துவாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கட்டுரை எழுதுவது ஒருவர், குழாய் போடுவது வேறொருவர் என்று விளக்கப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகப் படவில்லை. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, அம்மாவும் அக்காவும் லோரோங்கில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிய மனுவோடு சேர்த்து நகராட்சியில் கொடுத்தோம்.

குழாயை மாற்ற இரண்டு வருடம் ஆனது. அந்தப் பக்கத்தால் ஆனதா, மனுவாலா, எப்படியும் மாற்றியிருப்பார்களா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதற்குள் நான் படிப்பை முடித்து ஜொகூர் பாருவில் வடிகால் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். அந்த வருடக் கடைசி மழையில் ஒரு காலை அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"தண்ணி பின்வாசல் ரெண்டாம் படி வரைக்கும் வந்துச்சு, ஏழு மணிக்கு. இப்ப எறங்கிருச்சு. உள்ள வரல."

"ஓட்டையில வந்துச்சாம்மா?"

"இல்ல. ஒரு துணிய அடச்சு வச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒண்ணும் வரல. நீ சாப்ட்டியா?"

இன்னும் இல்லை என்றேன். போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்தார்.