காற்றே இல்லை என்றான் தியாகு

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். கமலவேணிக்கு இருந்த வாய்க்கு அவள் வங்காளத்தையும் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஆனால் மலாக்காவில், காஜா பேராங்கில், ஒரு மலாக்கா செட்டி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, வாசல் அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊர்ப் பெண்களுக்குக் கெபாயாச் சட்டை தைத்துக் கொடுத்தபடி அங்கேயே இருந்துவிட்டாள். "இடுப்பு பெருத்துப் போச்சு, மொதல்ல வாயக் கட்டு" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். திட்டு வாங்கிக்கொண்டும் அவளிடமேதான் வந்தார்கள். தையல் அப்படி.

அவள் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். புகுந்த வீட்டார் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறியவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். மாமியார் பாக்கியலட்சுமியைக்கூட எல்லாரும் அம்மா என்பதற்கு மலாயில் 'மாக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த வருஷமே கமலவேணி மலாயில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். அந்த வீட்டில் பிழைக்க அது போதுமாக இருந்தது. கணவன் தியாகு துறைமுகத்தில் தமிழாட்களோடு பழகியவன். அவளோடு தமிழில் பேசுவான். பேச்சில் தேன் ஒழுகும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். போகி அன்று செத்துப்போன பெரியவர்களுக்கு வாழையிலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். இலை போடுகிறவள்தான் வீட்டுக்காரி. அதில் பேச்சுக்கே இடமில்லை. கல்யாணமாகி வந்த முதல் போகியில் மாக் தன் கையிலிருந்த இலைக்கட்டை எடுத்துக் கமலவேணியிடம் கொடுத்தார். பிள்ளை பிறக்காத வருஷங்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, மாக் அவளுக்குக் கொடுத்த மரியாதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயிற்று. இலை மட்டும் அவளிடம் இருந்தது. அதை அவள் விடுவதாக இல்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததும் துறைமுகத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறினார். போகும்போது தன் பாய்ப்படகைத் தியாகுவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது தியாகு வந்து நின்றான். "வேணி, நாமளும் துரைமாருங்க மாதிரி ஜாலியா போய்ட்டு வருவோம் லா. போர்ட் டிக்சன் வரைக்கும். போகிக்கு முன்னாடி வந்துடலாம்." அவள் நம்பினாள். ஆசையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கிளேபாங் கடற்கரைக்குக்கூடக் கூட்டிப் போனதில்லை.

போன நாட்களெல்லாம் சண்டைதான். அவன் சமைத்த கஞ்சியைப் பழித்தாள். அவள் வாந்தியெடுத்ததை அவன் பழித்தான். ஆனாலும் பாய்க்கயிற்றைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். தையல்காரிக்குத் துணியின் குணம் தெரியாதா? இழுத்துப் பிடித்தால் பாய் புடைக்கும், படகு ஓடும். கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்ற இடத்தில் நிற்கும். ஒரே நாளில் பழகிவிட்டாள்.

போகியன்று காலை தஞ்சோங் கிளிங்கிலிருந்து கிளம்பினார்கள். மலாக்கா கண்ணுக்கெட்டிய தூரம்தான். மத்தியானமாகியும் ஊர் கிட்டே வரவில்லை. கமலவேணி வேலைகளை விரல் விட்டு எண்ணினாள். நாசி லெமாக்குக்குத் தேங்காய்ப்பாலில் சோறு வேக வைக்க வேண்டும், சம்பாலுக்கு மிளகாய் அரைத்து வதக்க வேண்டும், இலையைக் கழுவித் துடைக்க வேண்டும்.

"என்னங்க, இப்படி ஆடி அசைஞ்சு போனா எப்ப சமைக்கிறது?"

"காத்து தாக் அடா லா. காத்தே இல்ல. நான் என்ன செய்ய? ஊதவா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முந்தானை கரைப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. கயிறு அவன் கையில் தொளதொளவென்று கிடந்தது.

"காத்து இல்லாமலா பாய் இப்படி அடிச்சுக்குது? யாருக்கிட்ட கத விடுற?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை அவனும் கவனித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், இனி முடியாது என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மாக்தான் சொன்னாங்க. இந்த வருஷம் மல்லிகா இலை போடட்டும்னு."

மல்லிகா புக்கிட் பாருவில் இருக்கும் அவனுடைய தாய்மாமன் மகள். முறைப்பெண். அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப, அவள வீட்டுக்குள்ள கொண்டுவரத்தான் என்னைக் கடலுக்குக் கூட்டியாந்தியா?"

"உன்னை யாரும் போகச் சொல்லல லா. நீயும் இரு. வீடு பெருசுதானே? பிள்ளை வேணாமா நமக்கு?"

"நமக்கா! அட பாவி!" என்று கத்தினாள். அவன் தேனொழுகப் பேசியதற்கெல்லாம் மயங்கி, பெட்டியில் புதுப்புடவையை வேறு மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தாளே, அதை நினைத்தபோது அவளுக்கு அவனைவிடத் தன் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் படுபாவி.

எழுந்து கயிற்றைப் பிடுங்கினாள். அவன் தடுக்க வந்தான். "கிட்ட வந்தா தள்ளி விட்டுருவேன். நீந்தி வா உன் மல்லிகாகிட்ட" என்றாள். அவள் தள்ளுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை, பேசாமல் உட்கார்ந்தான். கயிற்றை இழுத்துக் கையில் சுற்றினாள். பாய் புடைத்தது. கடற்காற்று பின்னாலிருந்து தள்ள, படகு நேரே கிளேபாங் கரைக்கு ஓடிச் சேற்றில் செருகி நின்றது.

"படகு போச்சே! தண்ணி வத்துது, இனி எப்படி நகத்துறது?"

"காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். முழங்கால் சேற்றோடு நடந்து ரோட்டுக்கு வந்து ஒரு திரிஷா, சைக்கிள் ரிக்ஷா, பிடித்தாள். வழியெல்லாம் கையெரிந்தது, கயிறு தோலை உரித்திருந்தது. படையலுக்கு முன் போய்விட வேண்டும், இலைக்கட்டு அவள் கைக்கு வந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும் அவளுக்கு.

வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் எல்லாரும் நின்றிருந்தார்கள். படையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருந்தால் உள்ளே செத்தவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். உயிரோடிருப்பவர் நிழல்கூட விழக் கூடாது. அவர்கள் முடித்த பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார்கள். மல்லிகா புதுக் கெபாயா போட்டுக்கொண்டு நின்றாள். அது கமலவேணி தைத்தது. மாக் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சைகை காட்டினார்.

கமலவேணி சத்தம் போடவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. நேரே போய்க் கதவைத் தட்டினாள், திறந்தாள், உள்ளே போனாள்.

"ஐயோ, செத்தவங்க சாப்பிடுறாங்க!" என்று மாக் அலறினார்.

"தெரியும்" என்றாள். மலாயில்தான் சொன்னாள், ஒருவருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதே. "நீங்க எல்லாரும் சேர்ந்து என்னையும் சாகடிச்சாச்சு இல்ல? அதான் பந்திக்கு வந்தேன்."

சேற்றுக் காலோடு சம்மணம் போட்டு ஓர் இலையின் முன் உட்கார்ந்தாள். நாசி லெமாக்கைப் பிசைந்தாள். உரிந்த தோலில் சம்பால் பட்டுக் கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை. நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் மல்லிகாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சம்பாலுக்கு உப்பு பத்தல. அடுத்த போகிக்கு எனக்கு இலை போடும்போது பாத்துப் போடு."