தாயில்பட்டி வரை

விருதுநகர் ரயில் நிலையத்திலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்கு ஓர் இலகு ரயில் பாதை. அதைச் சிவகாசியிலிருந்து தாயில்பட்டி வரை நீட்டிக்கலாமா என்பது தனிக் கேள்வி. சென்னையில் நான் வேலை பார்க்கும் ஆலோசனை நிறுவனத்துக்கு இந்த ஆய்வு வந்தபோது, ஊர்ப்பெயர்களைப் பார்த்துவிட்டு என்னைக் குழுவில் சேர்த்தார்கள். நான் ஆமத்தூரில் பிறந்தவள். அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது தாயில்பட்டியில்.

பாதை சாத்தியமா, என்ன செலவாகும், யார் பணம் தருவார்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை, தண்டவாளம் போடுவது அல்ல. அக்காவிடம் போனில் இதைப் பொறுமையாகச் சொன்னேன். முதலில் ஆய்வு, பிறகு ஒப்புதல், பிறகு கடன், பிறகு நிலம், அதற்கும் பிறகுதான் வேலை. அவள் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். மறுநாள் காலையில் கம்பெனி வேனில் ஏறியதும், "எங்க பாப்பா ரயிலு கொண்டாரா" என்று அறிவித்துவிட்டாள். அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அக்காவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னும் வேலை. காலையில் வேன் வந்து ஹார்ன் அடிக்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள், உட்கார இடமில்லாதவர்கள் குனிந்து நிற்பார்கள். முந்தின வருடம் பக்கத்துக் கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்தது. அன்று மதியம் அக்காவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, வேனிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "எனக்கொண்ணும் இல்ல. நீ சாப்பிட்டியா?"

அதற்கப்புறம்தான் அவளுக்கு அச்சக வேலை மேல் ஆசை வந்தது. சிவகாசியில் காலண்டரும் டைரியும் அடிக்கும் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் அம்மா ஒருவர் அக்காவுக்குப் பழக்கம். வெடிமருந்து வாடையே இல்லாத வேலை. வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிக்கல் ஒன்றுதான். காலண்டர் சீசனில் அச்சகம் விடும் நேரத்துக்குத் தாயில்பட்டி திரும்ப பஸ் கிடையாது. கம்பெனி வேன் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும். அத்தான் லோடு லாரியில் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே அக்கா அந்த அம்மாவிடம், "ரயிலு வரட்டும்க்கா, மறுநாளே வாரேன்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு நீட்டிப்புக்குக் கடன் கிடைக்க வேண்டுமென்றால் அந்த வழியில் இப்போதே ஆட்கள் போய்வருகிறார்கள் என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் பயணக் கணக்கெடுப்பு. எங்கள் குழுத் தலைவர் அதைத் தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து வைத்தார். கூட்டத்தில் நான் கை தூக்கினேன்.

"சார், தீபாவளி முடிஞ்சா அங்க கம்பெனியெல்லாம் பூட்டியிருப்பாங்க. திரும்பப் பூஜை போட்டுத் திறக்க நாளாகும்."

"பண்டிகைக்கு முன்னாடி எடுத்தா, அது பண்டிகைக் கூட்டம்னு பேங்க்ல தள்ளிடுவாங்கம்மா. கையேட்டுல என்ன இருக்கு? பண்டிகை இல்லாத, ஸ்கூல் இருக்கற சாதாரண வேலை நாள்."

"அந்த ஊருக்குச் சாதாரண நாள் வேற சார். தீபாவளிக்கு முன்னாடி இருக்கறதுதான் அங்க சாதாரணம்."

அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "எந்த ஊருக்குப் போனாலும் எங்க ஊரு வேறன்னுதான் சொல்றாங்க. அதுக்குத்தான் கையேடு இருக்கு."

மின்னஞ்சலில் இரண்டு முறை எழுதினேன். காரணங்களை வரிசைப்படுத்தி, எளிதானதை முதலில் வைத்து எழுதினேன். வாகனம், ஆள், தங்கும் இடம் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்று பதில் வந்தது.

தாயில்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில் நாற்காலி போட்டுக் கணக்கெடுப்புப் பையன்கள் உட்கார்ந்தார்கள். சீசனில் வேனும் லாரியும் வழிவிடாமல் நிற்கும் அந்த ரோட்டில் ஆடுகள் படுத்திருந்தன. எப்போதாவது ஒரு பைக் வந்தால் மூன்று பேரும் சேர்ந்து கணக்குத் தாளில் கோடு போட்டார்கள். வேலையில்லாத நாள் என்பதால் அக்கா பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு டீ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆளே இல்லாத நாளாப் பாத்து ஆள் எண்ண வந்திருக்கீக," என்றார் ஒருவர். "யாரு பார்த்துக் குடுத்த நாளு இது?"

"எங்க ஆபீஸ்ல," என்றேன்.

"அம்புட்டுப் படிச்சவுகளுக்கு நாளு பாக்கத் தெரியலையே."

இன்னொருவர் நாற்காலிக்காரப் பையனிடம், "ஏலே, நாங்க அங்கனக்குள்ள போயிட்டுத் திரும்பத் திரும்ப வாரோம். ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டுக்கோ. ஒங்களுக்கும் வேல ஆச்சு, எங்களுக்கும் ரயிலு ஆச்சு," என்றார். சொன்னதோடு நிற்காமல் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடந்தும் காட்டினார். பையன் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டவில்லை.

வீட்டு நேர்காணல் இன்னும் மோசமாகப் போனது. கேள்வி எல்லா ஊருக்கும் ஒன்றுதான்: நேற்று எங்கே போனீர்கள், எதில் போனீர்கள்? "வழக்கமாக" என்று கேட்டால் ஆட்கள் கூட்டிச் சொல்வார்களாம், அதனால் நேற்று. அக்கா வீட்டுக்குக் கேட்கப் போன பெண்ணுக்குப் பின்னால் நான் நின்றேன்.

"நேத்தா? நேத்து எங்கயும் போகல," என்றாள் அக்கா.

"அதுக்கு முந்தின நாள்?" என்று நான் குறுக்கே கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு அனுமதி கிடையாது.

"அன்னைக்கும்தான் போகல. கம்பெனி பூட்டிக் கெடக்குன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்? பொய் சொல்லச் சொல்லுதியா?"

தெருவே உண்மையைச் சொன்னது. எங்கயும் போகல, எங்கயும் போகல. வருடத்தின் பெரும்பகுதி விடியுமுன் எழுந்து வேனில் ஏறும் ஊர், பயணமே செய்யாத ஊராகக் கணினியில் ஏறியது.

சீசனில் மறுபடி ஒரு முறை எடுக்கலாம் என்று கேட்டேன். இன்னொரு கணக்கெடுப்புக்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கவில்லை என்றார்கள். கம்பெனிகளில் பேசி வேன் விவரம் வாங்கித் தருகிறேன் என்றேன். கம்பெனி வேனில் சும்மா போகிறவர்கள் டிக்கெட் எடுப்பவர்கள் அல்ல, அவர்களை வருங்காலப் பயணிகளாகக் காட்டினால் வங்கி ஒத்துக்கொள்ளாது என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. என்னைச் சோர்வடையச் செய்தது அதுதான். யாரும் அநியாயமாக எதுவும் சொல்லவில்லை. அறிக்கையின் கடைசி வடிவத்தில் விருதுநகர்–சிவகாசிக்கு நிதி கேட்கலாம் என்றும், தாயில்பட்டி நீட்டிப்பு இரண்டாம் கட்டம் என்றும் வந்தது. எங்கள் தொழிலில் இரண்டாம் கட்டம் என்றால் அநேகமாக வராது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். ஒரு வார்த்தையை மாற்றவும் எனக்கு இடமில்லை.

போனில் சொல்ல மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து, ரயில் இல்லாமலே அக்கா அச்சகத்துக்குப் போகும் வழிகளை மனதுக்குள் வரிசையாகப் போட்டேன். ஸ்கூட்டர்: அவளுக்கு ஓட்டத் தெரியாது, இருட்டில் அந்த ரோட்டில் ஓட்டச் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. சிவகாசியில் வாடகை வீடு: மாமியார் படுக்கையில். பஸ்ஸைத் தாமதமாக விடச் சொல்லி மனு: விட்டால் யார் ஏறுவார்கள் என்று கேட்பார்கள், மறுபடி எண்ண வருவார்கள். சிவகாசியில் பஸ் மாறும்போது வரிசையில் எதுவும் மிஞ்சவில்லை.

அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"ரெண்டாங் கட்டம்னா?"

"முதல் பாதை ஓடணும். அது நல்லா ஓடுனா, மறுபடி ஆய்வு பண்ணுவாங்க."

"அது எம்புட்டு நாளு?"

"தெரியலக்கா."

"அதத்தான படிச்ச?" என்று கேட்டாள். குத்தலாக இல்லை, நிஜமாகவே சந்தேகம்.

அவள் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து அச்சகத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சாப்பிட்டீகளா? ஒண்ணுமில்ல, அந்த வேலைக்கு நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க. எம்புட்டு நாளைக்குத்தான் எனக்காக நிறுத்தி வைப்பீக... இல்லக்கா, பாப்பா என்ன செய்வா, அவளுக்கு மேல எத்தன பேரு இருக்காக." பிறகு அந்த அம்மாவின் பேத்தி காதுகுத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் சிரித்துப் பேசினாள். போனை வைத்ததும் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவளோடு விலக்கு வரை நடந்தேன். அடுத்த தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, சீசன் உச்சத்தில் இருந்தது. எங்கள் பையன்கள் நாற்காலி போட்டிருந்த இடத்தில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, எதிலும் இடமில்லை. அக்காவின் வேன் வந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஏ ரயிலுக்காரி, ஏறு! ஒந் தங்கச்சிக்கும் ஒரு சீட்டு போடவா?"

"அவ ஏசி கோச்சுலதான் வருவா," என்றாள் அக்கா. வேனே சிரித்தது. யாரோ அவள் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்கள், இன்னொரு கை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தது. அவள் குனிந்து உள்ளே போனாள். கதவு சாத்தவில்லை. டிரைவர் இறங்கி வந்து தோளால் தள்ளிச் சாத்தினார்.

பின்னால் அடுத்த வேன் ஹார்ன் அடித்தது. நான் ரோட்டை விட்டு இறங்கி நின்றுகொண்டேன்.