ஏழு மணிக்குத் திணறும் கார்டு

1. நடு கார்டு

"அண்ணே, உங்க கார்டு ஏழு மணியானா செத்துப்போவுது!"

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் கணினிக் கடைக்குப் புகார்கள் வராத நாளில்லை. ஆனால் இப்படி மணி சொல்லி வந்த புகார் அது ஒன்றுதான். போனில் பேசியவள் தேன்மொழி. மேருவில் இருப்பவள், பள்ளியை முடித்தவள். முந்தின வாரம்தான் அவள் கணினிக்கு நான் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு தேர்ந்தெடுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

கடையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான். "நீ எழுதி வச்சிட்டின்னா எங்க காதாவது மிச்சமாவும்" என்று முதலாளி குணா அண்ணன் சொன்னதால் எழுதுகிறேன்.

தேன்மொழி கார்டு கேட்டு வந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. ஷா ஆலமில் ஒரு தனியார் கல்லூரி தன் கேமிங் அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அணியில் இடம் கிடைத்தால் படிப்புக்குக் கட்டணம் இல்லை. கிடைக்காவிட்டால் அம்மா வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கும் ஒரு ஷிஃப்ட் பேசி வைத்தாகிவிட்டது. தேர்வு ஒரு வாரம், தினமும் மாலை ஏழு மணிக்கு. வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆட வேண்டும். ஐந்து பேர் ஐந்து பேராக மோதும் சுடும் விளையாட்டு. காடு, மழை, மூடுபனி என்று திரை முழுக்க வேலை. சாதாரணக் கார்டு அதைக் கண்டாலே மூச்சு வாங்கும்.

"பெருசா ஒண்ணு எடுத்துக் குடுடா. மூணு காத்தாடி வச்சது இருக்கில்ல?" என்றார் குணா அண்ணன்.

"அவங்க கம்ப்யூட்டர் கேஸ் சின்னது அண்ணே. பவர் சப்ளையும் தாங்காது. நடு கார்டே போதும்."

"போதும்னு சொல்லி விக்கிற ஒரே ஆளு நீதான்டா."

தேன்மொழி எங்கள் சண்டையைக் கண்டுகொள்ளவில்லை. "எனக்கு எல்லாமே அல்ட்ராவுல இருக்கணும். பனிக்குள்ள ஒளிஞ்சிருக்கிறவன் தெரியணும்."

"அல்ட்ராவுல பனிதான் நல்லாத் தெரியும். ஆளு தெரியமாட்டான்."

"அண்ணே, வச்சிக் குடுங்க லா."

படத்தின் தரத்தை உச்சமான அல்ட்ராவிலேயே வைத்துக் கொடுத்தேன். திரையில் ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறதோ அதைத்தான் பிரேம் என்கிறோம். எண் பெரிதாக இருந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். சட்டென்று விழுந்தால் திக்கும். கடையில் அல்ட்ரா செட்டிங்கில் நூற்று நாற்பதுக்குக் குறையாமல் ஓடியது. தேன்மொழி நாற்காலியிலேயே துள்ளினாள். எனக்கும் பெருமை. குணா அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக் காட்டினேன்.

2. கடையில் ஓடுகிறதே

தேர்வின் முதல் நாள் மாலைதான் அந்தப் போன் வந்தது. அதற்கு முன் பழகிப் பார்த்த மாலைகளிலும் ஏழு மணிவாக்கில் கொஞ்சம் திக்கியதாம். முதல் ஆட்டம் நன்றாகப் போனதாம். இரண்டாவதில் பிரேம் முப்பதுக்கு விழுந்து, இவள் திரும்பிப் பார்ப்பதற்குள் எதிரி சுட்டுவிட்டுப் போய்விட்டானாம்.

சும்மா உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. மறுநாள் மதியம் சாப்பாட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே போகும்போதே மனத்துக்குள் கணினியை நாலு முறை கழற்றி மாட்டிவிட்டேன்.

வீட்டுக் கூடத்தில் டிவி அலமாரியின் கீழ்த்தட்டில் கணினி இருந்தது. மூன்று பக்கமும் பலகை. கேஸின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, எதிரில் தரையில் நிற்கும் உயரக் காத்தாடி ஒன்றை அதன்மேல் திருப்பி விட்டிருந்தாள். நம் ஊர் வெயிலுக்குப் பாதி வீடுகளில் இந்த வைத்தியம்தான் நடக்கிறது. சூட்டைப் பார்த்தேன், அளவாக இருந்தது. அதே காட்டு வரைபடத்தைப் போட்டு வெகுநேரம் ஓடவிட்டேன். ஒரு திக்கல் இல்லை.

"பாத்தியா? ஓடுதில்ல?"

"இப்ப ஓடும் அண்ணே. நீங்க வந்தா ஒழுங்கா ஓடும். நீங்க போனதும்தான் பேய் புகுந்துக்குது."

தேர்வு நேரத்தில் சூட்டைத் திரையோரம் காட்டும் மென்பொருளைத் திறந்து வைக்கச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மோசடி தடுக்கும் புரோகிராம் அதையெல்லாம் விடாது. ஆக, ஏழு மணிக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன, கைவசம் சந்தேகங்கள் நிறைய இருந்தன. மெமரி நிரம்புகிறதோ? படத்தின் மேற்பரப்பு நுணுக்கமான டெக்ஸ்சரைக் குறைத்தேன். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் கோளாறோ? துடைத்துப் புதிதாக ஏற்றினேன். ஏழு மணிக்கு அக்கம்பக்கத்தில் எல்லாரும் அறையைக் குளிர வைக்க ஏர்கோன் போடுவார்கள், கரண்ட் இறங்குகிறதோ? மறுபடி கடைக்கு ஓடி ஒரு யூபிஎஸ் எடுத்து வந்து மாட்டினேன். மாட்டிவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன்.

அன்று மாலையும் திக்கியது. முந்தின நாளைவிடக் கூடுதல் நேரம்.

3. பெரியதைப் போட்டால்

"நடு கார்டு, நடு கார்டுன்னு குதிச்சியே. இப்ப பாரு," என்றார் குணா அண்ணன். திட்டுகிற குரல்தான். ஆனால் காட்சிக்கு வைத்திருந்த பெரிய கார்டை அவரே கழற்றி என்னிடம் நீட்டினார். "தேர்வு முடியிற வரைக்கும் வச்சிக்கட்டும். பொண்ணு பாவம்டா."

அதை வைக்க ஹார்ட் டிஸ்க் தட்டைக் கழற்றினேன். பவர் சப்ளையையும் மாற்றினேன். கேபிள் கேஸுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது. மதியம் ஓட்டிப் பார்த்தபோது பிரேம் இருநூறைத் தொட்டது. தேன்மொழி கையைத் தட்டினாள். நான் பாட்டுப் பாடிக்கொண்டே கடைக்குத் திரும்பினேன்.

மாலையில் குரல் செய்தி வந்தது. அழுகையை அடக்கிய குரல்.

"பெரிய கார்டு இன்னும் மோசம் அண்ணே. ரெண்டாவது ஆட்டம் முழுக்கப் படம் படமா நின்னுச்சு. கோச் எல்லாரு முன்னாலயும் கேட்டாரு, ரைஸ் குக்கர வச்சி ஆடறியான்னு. வெள்ளிக்கிழம கடைசி நாளு. அன்னிக்கும் இப்படின்னா என் பேர எடுத்துடுவாங்களாம். அம்மா சூப்பர்வைசர்கிட்ட நான் வேலைக்குச் சேர்ற தேதி கேட்டுட்டாங்க."

அன்று இரவு சந்தேகங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். வலுவான கார்டைப் போட்டால் ஆட்டம் இன்னும் மோசமாவது எப்படி? மெமரி பற்றாவிட்டால் பெரிய கார்டில் சரியாகியிருக்க வேண்டும். டிரைவர் என்றால் இரண்டுக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வலுவான கார்டுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது கரண்ட். கூடுதலாக வெளியே தள்ளுவது சூடு. கரண்டுக்கு யூபிஎஸ் இருக்கிறது. சூட்டை நானே பார்த்திருக்கிறேன், அளவாகத்தான் இருந்தது. அப்புறம்?

வியாழக்கிழமை நடு கார்டையே திரும்ப மாட்டினேன். அன்று மாலையும் திக்கல்தான். வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டேன்.

"எதுக்குடா?"

"ஏழு மணிக்கு அங்க இருக்கணும் அண்ணே."

"போ, போ. பேயப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு."

4. வெள்ளிக்கிழமை

மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். தேன்மொழியின் அம்மா பார்வதி ஆன்டியை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். மற்ற நாள்களில் நான் போகும்போது அவர் தொழிற்சாலையில் இருப்பார்.

"நீதானா தம்பி அந்தக் கார்டு போட்டது? குடி," என்று மைலோ கோப்பையை நீட்டினார். "எவ்வளோ அலைஞ்சிட்ட. நானும் என் பங்குக்குச் சாமிகிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

முதல் ஆட்டம் தொடங்கியது. தேன்மொழி ஹெட்போனுக்குள் போய்விட்டாள். நான் அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். திரை வழுக்கிக்கொண்டு ஓடியது. அவள் அணி வென்றது. இரண்டாவது தொடங்கிச் சிறிது நேரத்தில் என் கழுத்தில் வியர்வை இறங்கியது. சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டேன். கணினியிலிருந்து வரும் சத்தம் மெல்ல ஏறி, விசில் போல ஆனது. திரையில் மழை ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. மறுபடி நின்றது.

"வந்துருச்சு அண்ணே! வந்துருச்சு!"

அலமாரிக்குள் கையை நீட்டினேன். அடுப்பு. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

உயரக் காத்தாடி ஓடாமல் நின்றிருந்தது. கூரையில் ஓடிக்கொண்டிருந்த காத்தாடியும் நின்றிருந்தது. அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் சாமி மேடை. அதன் முன்னால் முக்காலியில் விளக்கு. ஈரத் தலையோடு பார்வதி ஆன்டி கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். சுடர் அசையாமல் நேராக நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. எங்கள் வீட்டிலும் அதேதான். விளக்கேற்றும்போது சுடர் அணையாதிருக்க அம்மா காத்தாடியின் சுவிட்சை அடைப்பார், நான் வியர்வையோடு உட்கார்ந்திருப்பேன். பிறந்ததிலிருந்து பார்ப்பது. பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போனது. இதை என்னிடம் சொல்லத் தேன்மொழிக்கும் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அந்த ஆட்டம் போய்விட்டது. மூன்றாவதுதான் முடிவு. நடுவில் சின்ன இடைவேளை. தேன்மொழியின் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கிக் காதில் சொன்னேன். "காத்தாடி. அம்மா விளக்கு வைக்கும்போது அடைச்சிடறாங்க. பொட்டிக்கு மூச்சு முட்டுது."

அவள் முகம் சிவந்தது. திரும்பினாள். "அம்..." என்று வாய் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

பார்வதி ஆன்டி பாடிக்கொண்டிருந்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, "என் தேனுக்கு அந்தக் காலேஜு கெடைக்கணும்ப்பா. என்னை மாதிரி ரப்பர் நாத்தத்துல நிக்கக்கூடாதுப்பா," என்று முணுமுணுப்பு.

"வழக்கமா ஒரு பாட்டுதான்," என்றாள் தேன்மொழி மெல்ல. "தேர்வு ஆரம்பிச்சதுலேர்ந்து தெனம் ஒண்ணு கூட்டிக்கிட்டே போறாங்க. எனக்காக."

நாளுக்கு நாள் திக்கல் நீண்டதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. மகள் ஜெயிக்க வேண்டுமென்று அம்மா கூடுதலாக வேண்ட வேண்ட, காத்தாடி கூடுதல் நேரம் நின்றது.

"பொட்டிய வெளிய இழுத்துடலாமா?"

"முக்காலிய நகர்த்தணும். ஏன்னு கேப்பாங்க." அவள் தலையை ஆட்டினாள். "தெரிஞ்சா ஒடைஞ்சிடுவாங்க அண்ணே. சொல்லாதீங்க. வேற ஏதாச்சும் பண்ணுங்க."

வேறு என்ன இருக்கிறது? செட்டிங்தான். மவுஸை வாங்கினேன். நிழலைக் கடைசிக்கு இறக்கினேன். ஒளிக்கதிர் எஃபெக்டை அடைத்தேன். மூடுபனியைக் குறைத்தேன். பிரேமுக்கு உச்சவரம்பு போடும் இடத்துக்கு வந்தேன். கார்டு முழு மூச்சில் ஓடுவதால்தான் இவ்வளவு சூடு. ஓட்டத்தைக் குறைத்தால் சூடும் குறையும்.

"எழுபதுல பூட்டறேன்."

"எழுபதா! மத்தவங்கல்லாம் நூத்தி நாப்பதுல ஓடறாங்க!"

"நூத்தி நாப்பது வந்து முப்பதுக்கு விழறது வேணுமா, விழாம நிக்கிறது வேணுமா?"

"தொண்ணூறு வைங்க."

"பாசார்ல மீனா வாங்கற? எழுபத்தஞ்சு."

"எம்பது. ப்ளீஸ் அண்ணே."

எண்பதில் பூட்டினேன். ஆட்டம் தொடங்கியது. நான் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்துக் கணினிக்குள் மெதுவாக விசிறினேன். சுடர் பக்கம் காற்று போகாமல் உடம்பால் மறைத்துக்கொண்டேன். பின்னால் இரண்டாவது பாட்டு தொடங்கியது. பிறகு மூன்றாவது. விசில் சத்தம் மெல்ல இறங்கியது. திரையில் மழை நிற்கவில்லை. நிழலும் பனியும் குறைந்த மொட்டைக் காட்டில் எதிரிகள் பளிச்சென்று தெரிந்தார்கள். தேன்மொழி மூச்சுக்கூட விடாமல் ஆடினாள்.

நான்காவது பாட்டு முடிவதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்: "ஜெயிச்சிட்டோம்."

ஆன்டி கற்பூரத் தட்டை எங்களிடம் கொண்டுவந்தார். என் கையில் இருந்த காலண்டர் அட்டையைப் பார்த்தார். "புழுக்கமா இருக்கா தம்பி? இதோ," என்று காத்தாடியைத் திறந்துவிட்டார்.

5. கேசரி

அடுத்த வாரம் அம்மாவும் மகளும் கேசரி டப்பாவோடு கடைக்கு வந்தார்கள். இடம் கிடைத்துவிட்டது.

"கடைசி நாளு எத்தன பாட்டு பாடினேன் தெரியுமா?" என்றார் ஆன்டி குணா அண்ணனிடம். "அதான் கெடைச்சிச்சு."

குணா அண்ணனுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் வாய் திறந்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். "ஆமா அக்கா," என்றார் அவர், கேசரியை அள்ளிக்கொண்டு. "சத்தியமா அதான்."

கடையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, கார்டு வாங்க வருபவரிடம் என்ன கேம் என்று கேளுங்கள், எந்த மானிட்டர் என்று கேளுங்கள். அதோடு கணினி எந்த மூலையில் உட்காரப் போகிறது, அந்த மூலையில் காற்று எப்போது நிற்கும் என்றும் கேளுங்கள். நம் கடை ஏர்கோனில் வரும் எண்ணை நம்பி எந்த செட்டிங்கையும் வைக்காதீர்கள். அவர்கள் வீட்டின் மோசமான நேரத்தில் எது நிற்கிறதோ, அதுதான் சரியான செட்டிங்.

அன்று கேஸுக்குள் வைக்கும் சிறிய காத்தாடிகள் இரண்டைத் தேன்மொழி எடுத்து மேசையில் வைத்தாள். பில் போடும்போது பார்வதி ஆன்டி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளுக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தார்.

"மாட்டு தம்பி. அன்னிக்கு அந்த அட்டை எதுக்குன்னு எனக்கும் தெரியும். ஆனா விளக்குப் பக்கம் காத்து வராம திருப்பி மாட்டு. நான் ஒரு பாட்டையும் கொறைக்கமாட்டேன்."