கிணற்று நீச்சல்காரர்

செஞ்சியிலிருந்து கடற்கரைக்குப் போன சுற்றுலா வேனில் அவர் எனக்குப் பக்கத்து இருக்கை. தலையில் மிச்சமிருந்தது நாலு முடி. அதற்கென்று சட்டைப் பையில் ஒரு சீப்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வாரிக்கொள்வார்.

கடற்கரை அழகாகத்தான் இருந்தது. சவுக்குத் தோப்பு, வெள்ளை மணல், நடுவே 'ஆபத்தான பகுதி, குளிக்காதீர்' என்று ஒரு பலகை. அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார்.

"எங்க கிணறு அறுவது அடி சார். மேலேர்ந்து குதிச்சவன் நானு. இது இன்னா, முட்டிக்கால் தண்ணி!"

சட்டையையும் சீப்பையும் என் கையில் திணித்துவிட்டு இறங்கினார். கடல் உள்ளே இழுத்தது. கிணற்றுப் படிக்கட்டைப் பார்த்து நீந்துகிற பழக்கத்தில், இழுப்புக்கு எதிராக நேரே கரையைப் பார்த்தே கைபோட்டார். வலையைக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மீனவர், "நேரா வராதய்யா, பக்கவாட்டுல நீந்து!" என்று கத்தினார். யார் கேட்டது? கடைசியில் அந்த மீனவரே பாய்ந்து போய், அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்துவந்து போட்டார்.

வாயிலிருந்த மணலைத் துப்பியதும் இந்த மனிதர் கேட்டது சீப்பை. வாரிக்கொண்டே சொன்னார்: "தண்ணி சரியில்ல சார், ஒரே உப்பு. அதான் திரும்பிட்டேன்."

காப்பாற்றியவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லத் தெரியாத ஜென்மம் என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். செஞ்சிக் கோட்டை மலை கண்ணில் பட்டபோதுதான் உறைத்தது, நானும் சொல்லவில்லை. அந்த மீனவரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. இந்த ஆளின் நாலு முடி மட்டும் இன்றும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது.