வைக்கோல் கடதாசி

யுத்த காலத்தில், திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதுவதற்குக் கடதாசி இல்லாமல் போனது. படுவான்கரையில், வாவிக்கும் வயலுக்கும் நடுவே ஒற்றைக் கட்டடமாக நின்ற பள்ளிக்கூடம் அது. நானும் இன்னொருவரும்தான் வாத்தியார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மணலிலும் சிலேட்டிலும் எழுதிச் சமாளித்தார்கள். மேல் வகுப்பில் பதினொரு பேர் சோதனை எழுதப் போக இருந்தார்கள். அவர்களுக்குப் பேனையும் மையும் கையில் பழக வேண்டும். பட்டணத்துக் கடைகளில் எழுதுகிற கொப்பி கேட்டால் சிரித்தார்கள். சாமான் சுற்றவே அவர்களிடம் கடதாசி இல்லை. வாழைச் சருகில்தான் சீனியைக் கட்டிக் கொடுத்தார்கள்.

எங்கள் வயல் வட்டையிலோ சூடடித்து நெல்லைப் பிரித்து முடிந்தால் வைக்கோல் மலைபோலக் கிடக்கும். மாடு தின்றது போக மிச்சம் மழையில் அழுகும், இல்லாவிட்டால் நெருப்பு வைப்பார்கள். ஆசிரிய கலாசாலையில் நான் படித்த காலத்தில், கைப்பணி வகுப்பில் ஒரே ஒரு தடவை வைக்கோலை அவித்துக் கடதாசி செய்து காட்டினார்கள். பின்வரிசையில் நின்று பார்த்தவன் நான். அந்த ஒரு தடவையை நம்பித்தான் இறங்கினேன்.

நாங்கள் இருந்த வீடு என் மனைவியுடையது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழக்கம். அவளுடைய அண்ணன் பக்கத்து வளவில் இருந்தார், வயல் செய்கிறவர். வைக்கோல் கேட்டு அவரிடம் போனேன்.

"எடுங்க மச்சான், சும்மா கிடக்கிறதுதானே," என்றார். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சனம் அரிசி இல்லாம மரவள்ளி அவிச்சுத் தின்னுது. நீங்க வைக்கல அவிக்கப் போறீங்க."

நான் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வேலை முழுவதும் என் மனைவி தலையில்தான் விழுந்தது. வைக்கோலை விரலளவாக நறுக்கி, சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டு, நாள் முழுக்க அவித்து, உரலில் இட்டு இடித்தாள். அந்தக் கூழைத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, மெல்லிய சீலைத் துண்டு கட்டிய சட்டத்தால் அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் சீலையில் படிந்திருப்பதுதான் கடதாசி. முதல் தடவை வந்தது கடதாசி அல்ல, கிழிந்த பாய். நார் வேகாமல் விறைத்து நின்றது. மடித்தால் முறிந்தது.

நான் விட்டுவிடலாம் என்றேன். அவள் விடவில்லை.

"சாம்பல் காணாது. சுண்ணாம்பு போட்டுப் பாத்தா என்ன? வெத்திலைக்குச் சுண்ணாம்பு கூடினா வாய் வேகுதுதானே, வைக்கல் வேகாதா?"

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் கலாசாலையில் பார்த்து மறந்துபோன சங்கதியை வெற்றிலையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அன்று பின்னேரமே வாவிக்கரையில் மட்டிச் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்கிறவரிடம் போய், தண்ணீர் விட்டு நீற்றாத சுண்ணாம்பு ஒரு பெட்டி வாங்கி வந்தேன். புதிதாக நீற்றினால் வீரியம் கூட இருக்கும் என்பது என் எண்ணம். "கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி தெளிங்க வாத்தியார்," என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. சட்டை போட்டுவிட்டேன், சால்வையும் தோளில் இருந்தது. அவள் சுட்ட மட்டியைப் பானையில் கொட்டி, கிண்டுவதற்குக் கம்போடு குனிந்து நின்றாள். நான் குடத்தைத் தூக்கி முழுத் தண்ணீரையும் ஒரே ஊற்றாக ஊற்றினேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பானை உறுமியது. வெந்த சுண்ணாம்பு ஆளுயரத்துக்குக் கொப்பளித்து எழுந்தது.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

சனம் கூடியது. "தண்ணி படக்கூடாது, இன்னும் கொதிக்கும்" என்று யாரோ சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற நான் அதை நம்பினேன். பிள்ளை பெற்று ஒரு மாதமான பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து கண்ணில் தாய்ப்பால் விட்டாள். கிணறு பத்து அடி தூரத்தில் இருந்தது. நான் என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மச்சான் தோணி கொண்டுவந்தார். வாவியைக் கடக்க வெகுநேரம் பிடித்தது. காற்று எதிராக இருந்தது. அவள் என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். "வெளிச்சமா இரிக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வெயில் எரித்துக்கொண்டிருந்தது. ஓம் என்றேன்.

பட்டணத்து ஆசுபத்திரியில் டாக்டர் இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பட்ட உடனே தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?"

"இல்லை."

"நிறையத் தண்ணி ஊத்தியிருந்தா..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்குப் பொட்டுப் பொட்டாகத்தான் பட்டிருந்தது, அது தப்பியது, ஆனால் பார்வை மங்கிவிட்டது. ஆசுபத்திரி விறாந்தையில் மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்கட கடதாசி," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை.

மூன்று கிழமை கழித்து வீட்டுக்கு வந்தோம். பானையில் சுண்ணாம்பு நீறி வெள்ளைக் களியாக அடங்கிக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் வாழையடியில் கொட்டப் போனேன்.

"என்னத்தக் கொட்டுறீங்க?"

"இனி இது வேணாம் புள்ள."

"கொட்டினா என்ட கண் வருமா? வைங்க அதை. வைக்கல அதுக்குள்ள போடுங்க."

வலது கண்ணில் சீலை கட்டிக்கொண்டு அவளே அவித்தாள், அவளே இடித்தாள். தூரம் பிடிபடவில்லை. உலக்கை உரலின் விளிம்பில் விழுந்தது. சட்டத்தைத் தொட்டிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். ஒரு தடவை அதற்கு அவளே சிரித்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மை ஊறாமல் இருக்கப் புளியங்கொட்டைக் கூழ் பூசினாள். கஞ்சி பூசலாம்தான், ஆனால் குடிக்கவே கஞ்சி இல்லாத காலம்.

நூற்றுச் சொச்சம் தாள் வந்தது. பழுப்பு நிறம், தடவினால் சொரசொரக்கும், வைக்கோல் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியும். பேனை முள் அந்தத் துணுக்குகளில் மாட்டி மை தெறித்தது. ஆனாலும் எழுத முடிந்தது. பதினொரு பிள்ளைகளும் இரண்டு பக்கமும் இடம் விடாமல் எழுதினார்கள். அந்தத் தாள்களைத் திருத்தும்போது சிவப்பு மையைத் தொட எனக்குக் கை வரவில்லை. பென்சிலால் திருத்தினேன்.

வித்தியாதரிசி பள்ளிக்கூடம் பார்க்க வந்தபோது ஒரு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "கெட்டிக்கார வேலை. யார் செய்தது?"

"என் மனைவி."

அவள் கண்ணைப் பற்றி நான் சொல்லவில்லை. மேலிடத்துக்குக் காட்டுவதாக இரண்டு தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஒரு சேதியும் வரவில்லை. பதினொரு பேரில் நான்கு பேர் சோதனையில் தேறினார்கள். இரண்டு வருடத்தில் கொப்பி பழையபடி கடைக்கு வந்தது. எங்கள் ஊரில் வேறு யாரும் வைக்கோலில் கடதாசி செய்யவில்லை. செய்யச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கலியாணமான புதிதில் பின்னேரங்களில் அவள்தான் எனக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவாள். எழுத்துக் கூட்டி வாசித்தாலும் குரல் நன்றாக இருக்கும். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு நான் வாசித்தேன், அவள் கேட்டாள். சில நாளில் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள்.

மன்னிப்புக் கேட்க எனக்குப் பல வருடம் பிடித்தது. ஒருநாள் மத்தியானம் அவள் சுளகை முகத்துக்குக் கிட்டப் பிடித்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் இருந்தேன்.

"அண்டைக்கு நான் அவசரப்பட்டிட்டன் புள்ள. என்னை மன்னிச்சிக்க."

அவள் கை நிற்கவில்லை. நான்கைந்து கல் பொறுக்கிப் போட்ட பிறகுதான் பேசினாள்.

"தள்ளி நில்லு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் தள்ளி நிண்டிருப்பன்."

பிறகு சுளகை எடுத்துக்கொண்டு எழுந்து உலை வைக்கப் போனாள்.